‘நான்’ என்று எழுதினால் மாட்டுவாய்: சிரித்திரன் சுந்தரை வைத்து ஒரு பகிடிப் பத்தி ஆய்வு

நான் பகிடிப் பத்தி எழுதியது மொத்தம் 11 கிழமை. 12ஆவது கிழமைக்கு எழுதிக் கொடுத்தது ஆசிரியர் மேசையில் கிடந்து, தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம் பட்டு, திரும்பி என் கைக்கே வந்தது. யாழ்ப்பாணத்தில் வெளிவரும் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பு. பெயர் வேண்டாம், இப்போதும் அந்த வாசலைத் தாண்டித்தான் சைக்கிளில் போகிறேன்.

நடந்தது இதுதான். 11ஆவது பத்தியில் வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு மாமியைப் பற்றி எழுதினேன். இரண்டு சூட்கேஸ். அதில் ஒன்று முழுக்கச் சொக்கிளேற். அவ்வளவும் எங்கள் வெயிலில் உருகிச் சப்பளிந்துவிட்டது. மாமி அசரவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்து இறுக்கி எடுத்து, “அங்கை இப்ப இப்பிடித்தான் தட்டையா வருது” என்று சொல்லிச் சொந்தக்காரருக்கெல்லாம் பங்கிட்டார். எழுதும்போது கை தானாக ஓடியது. மனைவிகூட வாசித்துச் சிரித்தாள். ஞாயிறு காலை பேப்பரில் வந்தது. மத்தியானச் சோற்றுக்கு முன் சுன்னாகத்தில் இருந்து ஒரு தொலைபேசி, இரவுக்குள் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து இன்னொன்று. புனைபெயரில்தான் எழுதியிருந்தேன். ஆனால் பத்தியில் ‘என் மனைவியின் மாமி’ என்று கிடக்கிறது. பேப்பர் காரியாலயத்துக்கு யார் வந்துபோகிறான் என்று சந்திக் கடைக்குத் தெரியும். சந்திக் கடைக்குத் தெரிந்தால் ஸ்காபரோவுக்குத் தெரிந்த மாதிரித்தான்.

ஆசிரியர் கோபிக்கவில்லை. பழைய ஆள், ஈய எழுத்துக் கோத்த காலத்தில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தவர். “தம்பி, நீர் எழுதினதிலை பகிடி இருக்கு. ஆனா ‘நான்’ எண்டு எழுதிப்போட்டீர். இந்த ஊரிலை ‘நான்’ எண்டால் நீர் மட்டுமில்லை, உம்மடை முழுச் சொந்தமும் சேர்த்தி. சுந்தர் என்ன செய்தவர் எண்டு ஒருக்காப் போய்ப் பாரும்” என்றார்.

அவர் சொன்ன சுந்தர், ‘சிரித்திரன்’ என்ற பகிடிச் சஞ்சிகையை நடத்திய கார்ட்டூனிஸ்ட். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்த ஆய்வு.

இரண்டு பேர், ஒரே தொழில்

நான் பத்தி எழுதப் பழகியது வெளிநாட்டு எழுத்துகளைப் பார்த்து. குறிப்பாக ஏர்மா பொம்பெக். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக்காரி. 1964இல் ஒரு சின்ன உள்ளூர்ப் பத்திரிகையில் பத்திக்கு 3 டொலர் சம்பளத்துக்குத் தொடங்கினார். உடுப்புத் தோய்க்கிற மெஷின், பிள்ளைகள், கண்ணை மூடிக்கொண்டு பந்து விளையாட்டுப் பார்க்கிற கணவர், இவ்வளவுதான் அவருடைய உலகம். அது வளர்ந்து 900 பத்திரிகைகள் வரைக்கும் போனது. எல்லாமே ‘நான்’. தன் வீட்டுக் குப்பையைத் தானே கொட்டிக் காட்டி, ஊரைச் சிரிக்க வைத்தவர்.

அவருக்கு அது ஏன் சரிவந்தது? 900 பத்திரிகைகளின் வாசகர்களில் எத்தனை பேருக்கு அவருடைய கணவரை நேரில் தெரியும்? ‘என் கணவர்’ என்று அவர் எழுதினால், வாசிக்கிற பெண்ணின் கண்ணில் வருவது அவளுடைய கணவர். நான் ‘என் மனைவியின் மாமி’ என்று எழுதினால், வாசிக்கிறவர் கண்ணில் வருவது அதே மாமி, அதே சேலையோடு.

மற்றவர் எங்கள் சுந்தர். சி. சிவஞானசுந்தரம் என்பது முழுப்பெயர். 1924இல் பிறந்தவர், யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் கரவெட்டி. ஏர்மா பொம்பெக் காலமானதும் சுந்தர் காலமானதும் ஒரே ஆண்டு, 1996. ஒருவரை மற்றவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இருவரும் எடுத்துக்கொண்டது ஒரே சாமான்: வீடு, சொந்தம், அயல், பெருமை. சுந்தர் மட்டும் அதை வேறொரு வழியால் கொண்டுபோனார்.

கரவெட்டியில் இருந்து

கட்டடக்கலை படிக்கவென்று பம்பாய்க்குப் போனவர், கார்ட்டூன் கீறுகிறவராகத் திரும்பினார். ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும்’ என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளை வளர்த்த ஊர் இது. கோறணமேந்து என்றால் கவர்மென்ற். உத்தியோகத்தின் மேல் இருந்த ஆசையில் அந்தச் சொல்லையே எங்கள் வாய்க்கு ஏற்றமாதிரி வளைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் கட்டடக்கலைஞர் என்றால் கோழிக்கு எவ்வளவோ மேலே. கார்ட்டூன் எந்தக் கூட்டில் அடைபடும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கொழும்பில் லேக்ஹவுஸ் நிறுவனத்தின் ‘தினகரன்’ பத்திரிகையில் அவருடைய கார்ட்டூன் பாத்திரமான சவாரித்தம்பர் வந்தார். பிறகு 1960களின் தொடக்கத்தில் ‘சிரித்திரன்’ என்ற சொந்த சஞ்சிகை. சித்திரத்துக்குள் சிரிப்பைச் செருகிய பெயர், வாயில் சொல்லும்போதே ஒரு பல் தெரியும். சஞ்சிகையின் வாசகம்: ‘செய்தொழில் தெய்வம், சிரிப்பே சீவியம்’. ‘சீவியம்’ என்கிற சொல்லைக் கவனியுங்கள். ‘வாழ்க்கை’ என்று போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் ‘என்ன சீவியமடாப்பா’ என்றுதான் சலித்துக்கொள்வார், ‘என்ன வாழ்க்கை’ என்று அல்ல. கொழும்பில் பிறந்த அந்தச் சஞ்சிகை பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்து, நின்றும் நடந்தும் 1990கள் வரை தாக்குப்பிடித்தது. 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்துச் சஞ்சிகைகளுக்குக் கடைக் கம்பியில் தொங்க இடம் கிடைத்தது. அந்தக் காற்று சிரித்திரனுக்கும் அடித்தது.

அவர் கார்ட்டூனிஸ்ட், பத்திக்காரர் இல்லையே என்று ஒரு நண்பர் என்னோடு சண்டைக்கு வந்தார். நான் அவருக்குச் சொன்னது: ஒரு சவாரித்தம்பர் படத்தை எடுத்து, படத்தைக் கையால் மூடிவிட்டுப் பேச்சை மட்டும் வாசியும். பிறகு பேச்சை மூடிவிட்டுப் படத்தை மட்டும் பாரும். எதில் சிரிப்பு வருகிறது? நண்பர் மூடித் திறந்து பார்த்துவிட்டு, “சரி, முக்கால்வாசி பேச்சிலைதான் கிடக்கு” என்றார். கால்வாசியை அவர் விட்டுத்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலியும் வாசிகசாலையும்

யாழ்ப்பாணத்தில் பகிடி எழுதுகிறவனுக்கு வேலியைத் தெரிந்திருக்க வேண்டும். வளவைச் சுற்றிக் கிடுகு வேலி, கதியால் என்கிற வேலித் தடிகளை நட்டு வரிந்து கட்டியது. ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால் அரை அடி நகரும். நகர்ந்த அரை அடிக்காகப் பேரன் காலம் வரை கோட்டில் வழக்கு நடக்கும். அதே வேலியில் ஒரு பொட்டும், அதாவது ஒரு சின்ன இடைவெளியும், இருக்கும். வழக்கு நடக்கும் வீடுகளுக்கு இடையிலும் அந்தப் பொட்டால் கறி போய்வரும், கதை போய்வரும். ‘எங்கடை வீட்டு விஷயம் வெளியிலை போகக்கூடாது’ என்று சொல்லிக்கொண்டே அடுத்த வீட்டு விஷயத்தைப் பொட்டுக்குள்ளால் பார்க்கிற சனம் நாங்கள். (நானும்தான்.)

அடுத்தது வாசிகசாலை. ஊருக்கு ஊர், சில இடங்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருந்தது. ஒரு பேப்பர், பத்துப் பேர். ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். தலையங்கத்துக்கு ஒரு தலையாட்டல், மரண அறிவித்தலுக்கு ஒரு ‘ஓ… உவரோ’. பகிடி வந்தால்தான் வாசிக்கிறவர் குரலை மாற்றுவார். சத்தமாக வாசிக்கும்போது இலக்கணத் தமிழில் எழுதிய பகிடி அந்த இடத்திலேயே செத்துப்போகும். சுந்தரின் ஆட்கள் கரவெட்டிச் சந்தியில் நின்று கதைப்பதுபோலவே கதைத்தது வெறும் மண்வாசனைக்காக என்று நான் நினைக்கவில்லை. வாசிகசாலையில் அதை ஒரு ஆள் நடிக்க வேண்டியிருந்தது. நடிக்க வசனம் வேண்டும்.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு ஊர். அங்கே பத்துப் பேர் கூடியிருக்க ஒரு பகிடி சத்தமாக வாசிக்கப்படுகிறது. அந்தப் பகிடியில் ‘நான்’ என்று ஒருவன் வந்தால், பத்துப் பேரும் அவன் வீட்டுப் படலையை, அதாவது வாசல் கதவை, திரும்பிப் பார்ப்பார்கள். ‘தம்பர்’ என்று ஒருவர் வந்தால், பத்துப் பேரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பரை நினைத்துக்கொள்வார்கள். எவரும் தன்னை நினைக்க மாட்டார்.

முகமூடிகள்

சவாரித்தம்பர் என்ற பெயரிலேயே ஆளின் முழு வரலாறும் இருக்கிறது. சவாரி என்றால் மாட்டுவண்டிச் சவாரி. நாம்பன் மாடுகளை எண்ணெய் பூசி வளர்த்து, பொட்டல் வெளியில் வண்டியை விரட்டி, வென்றாலும் தோற்றாலும் வாயால் வெல்கிற கூட்டம். படித்த உத்தியோகத்தர்கள் நிறைந்த பத்திரிகைப் பக்கத்துக்குள் இப்படியொரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் சுந்தரின் முதல் கெட்டித்தனம். தம்பர் எதையும் சொல்லலாம், அவரிடம் இழக்க உத்தியோகம் இல்லை. கூட நிற்கிற சின்னக்குட்டி போன்றவர்கள் அவருக்குப் பதில் சொல்லலாம், மறுத்துக் கதைக்கலாம். ஆக ஒரே கருத்துக்கு இரண்டு பக்கமும் பத்திக்குள்ளேயே இருக்கிறது. எழுதியவர் எந்தப் பக்கம் என்று கேட்டு யாரும் வீட்டுக்கு வர முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது மிஸ்டர் அன்ட் மிஸிஸ் டாமோடிரன். தாமோதரன் என்கிற பெயரை இங்கிலிசில் எழுதுங்கள். இங்கிலிசுக்கு ‘த’வும் தெரியாது ‘ட’வும் தெரியாது. இப்போது அதை இங்கிலிசுக்காரன் மாதிரித் திருப்பி வாசியுங்கள்: டாமோடிரன். கொழும்புக்குப் போய், நாக்கை மடித்து, பெயரையே தொலைத்துத் திரும்பிய ஒரு முழு வர்க்கத்தின் கதை ஒரு பெயரில் முடிந்துவிட்டது. இதற்குமேல் பகிடி எழுதவே தேவையில்லை. நான் 700 சொல்லில் மாமியைப் பற்றி எழுதித் திணறியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. (என் மனைவி இதில் உடன்படமாட்டாள். “இங்கிலிஸ் மோகத்தை நக்கலடிக்க எப்பவும் ஒரு பொம்பிளையைத்தானே முன்னுக்கு விடுறியள்” என்பது அவள் வாதம். அந்தக் காலத்துப் பகிடி எழுத்துகள் பலவற்றைப் புரட்டினால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.)

மூன்றாவது மகுடி. இது சுத்தமான பத்தி எழுத்து, படம்கூடத் தேவையில்லை. வாசகர் கேள்வி கேட்பார், மகுடி பதில் சொல்வார். கேள்வி பதில் என்பது எல்லாச் சஞ்சிகைகளும் செய்தது. ஆனால் மறைந்துகொள்ள அதைவிட நல்ல வேலி கிடைக்காது. கேள்வி சுந்தருடையது அல்ல, வாசகருடையது. பதிலும் சுந்தருடையது அல்ல, மகுடியாருடையது. சீதனத்தைக் கடிக்கலாம், உத்தியோகப் பெருமையைக் கடிக்கலாம், ஆட்சியில் இருப்பவரைச் சாடையாக ஒரு கிள்ளுக் கிள்ளலாம். யாராவது கோபித்தால் ஊதியது மகுடி, ஆடியது பாம்பு, நான் சும்மா கூடை தூக்கி வந்தவன் என்று சொல்லிவிடலாம்.

மைனர் மச்சானையும் சேர்த்தால் ஆட்கள் இன்னும் நீளும். வேலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

செய்து பார்த்தேன்

பார்த்துச் சொல்வது போதாது, செய்து பார்க்க வேண்டும் என்று அதே சொக்கிளேற் கதையை எடுத்தேன். மாமியைத் தூக்கிவிட்டேன். ‘என்’னையும் தூக்கிவிட்டேன். கொடிகாமத்துக்கு அப்பால் பஸ் ஏறாத ஒரு பெரியப்பாவைப் படலையடியில் நிறுத்தினேன். கையில் வெளிநாட்டில் இருந்து வந்த, உருகித் தட்டையான சொக்கிளேற். ஒழுங்கையால் போகிறவரை மறித்துச் சொல்கிறார்:

“வெளிநாட்டுச் சொக்கிளேற் எண்டால் சும்மாவே? எங்கடை வெயிலுக்கு உருகாது. இது உருகினதில்லை காணும், இது டிசைன்.”

என்ன நடந்தது பாருங்கள். பொய் சொன்னவர் மாறிவிட்டார். முதல் பத்தியில் பொய் மாமியுடையது; நான் அதைப் பிடித்துக் கொடுத்தவன், அதாவது புத்திசாலி. இரண்டாவதில் பொய் பெரியப்பாவுடையது, அதுவும் தனக்காகச் சொன்ன பொய் அல்ல. வெளிநாட்டில் இருக்கிற தன் சொந்தத்தின் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய். அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது அவர்மேல் ஒரு இரக்கமும் வருகிறது. மாமிக்குக் கோபிக்க இடமே இல்லை. உண்மையைச் சொன்னால் முதல் பத்தியில் இருந்தது பகிடியே அல்ல, கோள். ‘நான்’ என்று எழுதியபோது நான் பொட்டுக்குள்ளால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சிரிக்க மிஞ்சியது

சுந்தரின் தொழில்வாழ்க்கையின் பிற்பாதியை முகமூடியை மட்டும் வைத்து விளக்க முடியாது. 1973இல் லேக்ஹவுஸ் அரசாங்கத்தின் கைக்குப் போனது, தம்பர் பிறந்த வீடு அது. 1981 மே 31இல் தொடங்கிய எரிப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதன் சுமார் 97,000 நூல்களும் போயின. 1959இல் தொடங்கிய ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் அதே நாட்களில் எரிந்தது. 1987 ஒக்ரோபரில் இந்தியப் படை ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ அச்சுக்கூடங்களைத் தகர்த்தது. பகிடி எழுதுகிறவனுக்கு முதலில் ஒரு அச்சுக்கூடம் வேண்டும் என்பதை நாங்கள் இப்படித்தான் படித்தோம்.

1990இல் எனக்கு விபரம் தெரியும் வயது. போரில் கரண்ட் போனது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி எல்லாம் அரசாங்கத்தின் தடைப் பட்டியலில். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி வைத்த விளக்கில்தான் படிப்பு. நகராமல் நிறுத்திய சைக்கிளை ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடும். செய்தியின் முக்கியமான இடத்தில் மிதிக்கிறவர் களைத்துப்போவார், வாசிப்பவரின் குரல் மாடு கத்துவதுபோல இழுபட்டு நிற்கும். பத்திரிகைத் தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் பேப்பர் அச்சாகி வந்த நாட்களும் உண்டு. அப்பா அதை வாசித்துவிட்டு, எழுதாத ஓரத்தைக் கிழித்து எனக்குக் கணக்குச் செய்யத் தருவார்.

அந்த நாட்களில் முகமூடியாலும் ஒரு எல்லைக்குமேல் போக முடியவில்லை. தம்பர் சொன்னார் என்று போட்டாலும், தம்பரைத் தேடி வராமல் போட்டவரைத் தேடி வரக்கூடிய காலம். ஆயுதம் வைத்திருக்கிறவருக்கு ‘அது பக்கத்து வீட்டுக்காரன்’ என்கிற விளையாட்டு விளங்காது. அப்படியென்றால் எதைப் பார்த்துச் சிரிப்பது? மண்ணெண்ணெயை. பெற்றோல் ஒரு சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்கள் ரோட்டெல்லாம் புகை கக்கிக்கொண்டு போகும். கூட்டுறவுச் சங்கக்கடைக் கியூவில் ஒருவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “என்ரை மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலுக்கு வந்தால் மனிசி உலை வைக்க அரிசியோடை ஓடி வாறா.” கியூ முழுக்கச் சிரித்தது. முன்னுக்கு நின்ற கிழவர் சிரித்த சிரிப்பில் கூப்பன் அட்டை கீழே விழுந்தது.

அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. பகிடி பேப்பரில் இருந்து கியூவுக்கு இடம்பெயர்ந்திருந்தது. 1995 ஒக்ரோபர் 30இல், போரில், யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது, செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் மழைக்குள் நெருக்கிக்கொண்டு போன சனத்துக்குள்ளும் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில் சுந்தர் காலமானார். 

12ஆவது பத்தி

கோப்பை வட்டம் பட்ட அந்தத் தாளை எறிந்துவிட்டுப் பெரியப்பா பத்தியைச் சுத்தமாக எழுதினேன். ஆசிரியருக்குக் கொடுக்க முன் ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்று தோன்றியது. கோப்பாயில் எனக்கு உண்மையாகவே ஒரு பெரியப்பா இருக்கிறார். வெளிநாட்டுச் சாமான் வந்தால் படலைக்கு வெளியே கதிரை போட்டு இருக்கிறவர். பத்தியில் வருகிற ஆளின் நடை, சால்வை, ‘காணும்’ என்று இழுக்கிற இழுவை எல்லாம் அவரிடம் இருந்துதான் எடுத்தது. மனைவி வாசித்துவிட்டு, “ஐயோ, இது கோப்பாயாரெல்லோ! கிழவன் கண்டால் உங்களை வீட்டுக்கு அடுக்காது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போய் அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி வைத்து, வாய்விட்டு வாசித்தார். ‘டிசைன்’ வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். பிறகு வேலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

“உவன் பக்கத்து வளவுக்காரனை அச்சொட்டாப் பிடிச்சுப்போட்டாய் மோனை. பேப்பரிலை போடு. ஆனா நான் சொல்லித் தந்ததெண்டு மட்டும் சொல்லிப்போடாதை.”